குவார்ட்டர்பேக்கின் மதிப்பை எண்களைத் தாண்டி எடைபோடுவது எப்படி?

கேள்வி: பார்வையாளன்

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல். ஆட்டங்களைச் சில ஆண்டுகளாக விடாமல் பார்த்து வருகிறேன். பந்தை எறிந்து அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்குகளை ஒப்பிட்டு நடக்கும் எந்த விவாதத்திலும் இரண்டே அளவுகோல்கள்தாம் மாறி மாறி வருகின்றன. ஒன்று, எறிந்த யார்டுகள், டச் டவுன்கள் (பந்தை எதிரணியின் கோட்டைக் கடத்திப் புள்ளி எடுப்பது), இன்டர்செப்ஷன்கள் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்கள்), எறிதல்களுக்கான மதிப்பெண்ணான பாஸர் ரேட்டிங் என்று நீளும் எண்களின் வரிசை. மற்றொன்று, அவர் வென்ற, பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் வெற்றி மோதிரங்களின் எண்ணிக்கை. இரண்டுமே எனக்கு நிறைவு தரவில்லை. முதலாவது ஆட்டத்தின் பாதியைத்தான் சொல்கிறது என்று தோன்றுகிறது; இரண்டாவதோ ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கொண்ட ஓர் அணியின் வெற்றியை ஒரே மனிதரின் கணக்கில் எழுதிவிடுகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது பெய்டன் மானிங்கின் இரண்டு பருவங்கள். 2013இல் டென்வர் பிராங்கோஸ் அணிக்காக அவர் 5,477 யார்டுகளும் 55 டச் டவுன்களும் எறிந்தார். அவரது பாஸர் ரேட்டிங் 115.1. அந்தப் பருவத்தின் முடிவில் நடந்த 48ஆவது சூப்பர் பவுலில் சியாட்டிலிடம் 43-8 என்று அவரது அணி நொறுங்கியது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2015இல், அவர் எறிந்தவை 9 டச் டவுன்களும் 17 இன்டர்செப்ஷன்களும்; ரேட்டிங் 67.9ஆக விழுந்தது, பருவத்தின் நடுவில் வெளியே அமர்த்தவும் பட்டார். ஆனால் 50ஆவது சூப்பர் பவுலை 24-10 என்று வென்று கோப்பையைத் தூக்கியது அந்த ஆண்டில்தான். இந்த இரண்டு மானிங்குகளில் பெரிய குவார்ட்டர்பேக் யார்?

இன்னொரு பக்கம் டான் மரினோ நிற்கிறார். 1984இல், இன்றைய விதிகள் எறிபவருக்குத் தரும் பாதுகாப்பு இல்லாத காலத்தில், 5,084 யார்டுகளும் 48 டச் டவுன்களும் எறிந்தவர் ஒரு மோதிரம்கூட இல்லாமல் ஓய்வு பெற்றார். டிரென்ட் டில்ஃபருக்கு மோதிரம் உண்டு. ஆனால் 16 ஆட்டங்களில் 165 புள்ளிகள் மட்டுமே விட்டுக்கொடுத்த 2000ஆம் ஆண்டு பால்ட்டிமோர் தடுப்பு அணியின் துணையோடு வென்ற அவரை, வெற்றிக்குப் பிறகு அந்த அணியே தக்கவைத்துக்கொள்ளவில்லை.

வர்ணனையாளர்கள் ‘தலைமைப் பண்பு’, ‘நெஞ்சுரம்’, ‘ஆட்டத்தைப் படிக்கும் அறிவு’ என்றெல்லாம் சொல்கிறார்கள். அவை நம்மைப் போன்றவர்கள் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியவையா, அல்லது முடிவு தெரிந்த பிறகு வென்றவருக்குச் சூட்டும் அடைமொழிகளா? தொடர்ந்து பார்ப்பவர்கள் எப்படி எடைபோடுகிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.


மறுமொழி: நான்காம் டவுன்

அந்த எண்கள் எதைக் கணக்கில் கொள்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. 1973இல் என்.எஃப்.எல். ஏற்றுக்கொண்ட பாஸர் ரேட்டிங் நான்கே செய்திகளைக் கொண்டு செய்யப்படுகிறது: எறிந்தவற்றில் எத்தனை விழுக்காடு பிடிக்கப்பட்டன, ஓர் எறிதலுக்கு எத்தனை யார்டு கிடைத்தது, எத்தனை எறிதல்கள் டச் டவுனாயின, எத்தனை எதிரணியின் கைக்குப் போயின. அதன் உச்ச மதிப்பு 158.3. எறிந்த ஒவ்வொரு பந்தையும் யாரும் பிடிக்காமல் தரையில் விழச் செய்த ஒருவருக்கும் அது 39.6 மதிப்பெண் கொடுக்கிறது. பந்தோடு வீழ்த்தப்படும் சாக்குகள், தவறவிட்ட ஃபம்பிள்கள், தானே ஓடி எடுத்த யார்டுகள் ஆகிய எதுவும் அதில் இல்லை. 52ஆவது சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து அணியின் டாம் பிரேடி 505 யார்டுகள் எறிந்தார். ஓர் இன்டர்செப்ஷன்கூட இல்லை. ஆயினும் 41-33 என்று தோற்ற அந்த ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் பிராண்டன் கிரஹாம் அவர் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்ட நிகழ்வு, ஆட்டத்தின் மிக விலையுயர்ந்த பிழையாக இருந்தும், அந்த ரேட்டிங்கில் ஒரு தடயத்தையும் விட்டுச்செல்லவில்லை.

இதற்கு நேர்மாறானதொரு காட்சியை அதே பிரேடியின் முதல் சூப்பர் பவுலில் காணலாம். 2002 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்கு எதிராக நடந்த 36ஆவது சூப்பர் பவுலில் அவர் எறிந்தது மொத்தம் 145 யார்டுகள். எதிரே கர்ட் வார்னர் எறிந்தது 365. ஆட்டம் 17-17 என்று சமநிலையில் இருக்க, 1 நிமிடம் 21 வினாடி மீதமிருக்க, டைம் அவுட் ஒன்றுகூடக் கையில் இல்லாமல், தன் பக்கத்து 17ஆவது யார்டிலிருந்து அவர் தொடங்கினார். நேரத்தைக் கரைத்துவிட்டுக் கூடுதல் நேரத்துக்குப் போவதே நல்லது என்று வர்ணனை செய்துகொண்டிருந்த ஜான் மேடன் சொன்னார். அந்தத் தாக்குதல் தொடரில் பிரேடி எட்டு முறை எறிந்தார், ஐந்து பிடிக்கப்பட்டன, கிடைத்தது 53 யார்டுகள். பிடிக்கப்படாத மூன்றில் இரண்டு, கடிகாரத்தை நிறுத்துவதற்காக வேண்டுமென்றே தரையில் அடித்தவை. மூன்றாவது, நெருக்கடி வந்தபோது சாக்கைத் தவிர்க்க ஆளில்லாத இடத்துக்கு எறிந்தது. எண்களின் கண்ணுக்கு மூன்றும் தோல்விகள். களத்தின் கண்ணுக்கு மூன்றுமே சரியான முடிவுகள், ஏனெனில் அவற்றில் ஒன்று பிசகியிருந்தாலும் உதைப்பாளர் வினாட்டியேரியின் வெற்றி தந்த 48 யார்டு உதைக்கு நேரமே இருந்திருக்காது. முதல் மூன்று பிடிகளும் ஓட்டக்காரரான ரெட்மண்டுக்குப் போன சிறிய எறிதல்கள் என்பதையும் கவனியுங்கள். ஆழமாக எறிய ஆசைப்படாமல், திறந்திருந்த ஆளுக்குக் கொடுத்து, எல்லைக்கோட்டுக்கு வெளியே போக வைத்த பொறுமைதான் நான் சொல்ல வரும் மதிப்பு.

அடுத்தது, பந்து நகர்வதற்கு முன்னால் நடப்பது. தலைக்கவசத்துக்குள் இருக்கும் வானொலி வழியாகப் பயிற்சியாளர் பேசலாம் என்ற ஏற்பாடு 1994இல் வந்தது. ஆனால் ஒவ்வொரு நகர்வையும் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 வினாடி மீதமிருக்கும்போது அந்தத் தொடர்பு துண்டிக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகு எதிரே நிற்கும் பதினொருவரையும் படிப்பது அவருடைய வேலை மட்டுமே. எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் நடு லைன்பேக்கர் யார், யார் தன்னை வீழ்த்த பிளிட்ஸாகப் பாயப்போகிறார், கடைசியில் பின்னால் நிற்கும் தடுப்பாளர்களான சேஃப்டிகள் ஒருவரா இருவரா என்று பார்த்து, முன்னால் நின்று தன்னைக் காக்கும் தடுப்போரை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சொல்லி, தேவையானால் நகர்வையே ‘ஆடிபிள்’ செய்து மாற்ற வேண்டும். மானிங் ‘ஒமாஹா’ என்று கத்துவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் எதிரணியின் அமைப்பைப் பார்த்து எறிதலை ஓட்டமாக மாற்றி, ஓட்டக்காரர் 12 யார்டு ஓடினால், அந்த 12 யார்டும் ஓட்டக்காரரின் கணக்கில் சேரும். மானிங்கின் கணக்கில் எதுவும் சேராது.

பழைய காலத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது, ஏனென்றால் நகர்வுகளைத் தேர்ந்தெடுத்ததே பெரும்பாலும் குவார்ட்டர்பேக்குகள்தாம். 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பே நகரின் கடுங்குளிரில், டல்லாஸுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், 16 வினாடி மீதமிருக்க, ஓட்டக்காரர்கள் பனியில் வழுக்குவதைப் பார்த்த பார்ட் ஸ்டார், பந்தைத் தானே வைத்துக்கொண்டு நேராக முன்னால் பாய்வதாகப் பயிற்சியாளர் லொம்பார்டியிடம் சொல்லிவிட்டு வந்து, அப்படியே செய்து 21-17 என்று வென்றார். ஏடுகளில் அது ஒரே ஒரு யார்டு ஓட்டம்.

எனவே நீங்கள் கேட்ட ‘ஆட்டத்தைப் படிக்கும் அறிவு’ வெறும் அடைமொழி அல்ல. அது செயல்களால் ஆனது. பெரும்பாலானவற்றைப் பார்க்க முடியும்.


மறுமொழி: வடதிசை

நான்காம் டவுன் சொன்ன செயல்கள் எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஆனால் ‘எண்களைத் தாண்டிய மதிப்பு’ என்ற பேச்சுக்கு இந்த விளையாட்டில் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த விவாதத்தை நகர்த்துவது சரியாகாது.

குவார்ட்டர்பேக்குக்கு ‘தலைமைப் பண்பு’ வேண்டும், ‘சிந்தனைத் திறன்’ வேண்டும் என்ற சொற்கள் பல பத்தாண்டுகளாகக் கறுப்பின வீரர்களை அந்த இடத்திலிருந்து விலக்கி வைக்கவே பயன்பட்டன. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர்களை, தொழில்முறை அணிகள் எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவராகவோ பின்களத் தடுப்பாளராகவோ மாற்றின. வாரன் மூன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 1978 ஜனவரியில் ரோஸ் பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தில் வெற்றிக்கு அழைத்துச்சென்று, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரராகவும் தேர்வானார். அதே ஆண்டு, அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டில் அவரை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. குவார்ட்டர்பேக்காகத்தான் ஆடுவேன் என்று உறுதியாக நின்ற அவர் கனடாவுக்குப் போய், எட்மண்டன் அணியோடு 1978 முதல் 1982 வரை தொடர்ந்து ஐந்து முறை கனடியத் தொடரின் கிரே கோப்பையை வென்ற பிறகுதான், 1984இல் ஹூஸ்டன் அவரை அழைத்தது. பிறகு என்.எஃப்.எல்.லில் மட்டும் 49,325 யார்டுகள் எறிந்து, 2006இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். 1978இல் அவரை ஒதுக்கியவர்களிடம் அவருக்கு எதிரான எண் எதுவும் இருக்கவில்லை. ‘உள்ளுணர்வு’ மட்டுமே இருந்தது.

டக் வில்லியம்ஸ் 22ஆவது சூப்பர் பவுலில் வாஷிங்டன் அணிக்காக, இரண்டாம் கால்பகுதியில் மட்டும் நான்கு டச் டவுன்கள் எறிந்து, டென்வரை 42-10 என்று வீழ்த்தியது 1988 ஜனவரியில். சூப்பர் பவுலைத் தொடங்கிய முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவரே. இந்தக் கதை அத்தோடு முடிந்துவிட்டது என்று எண்ணினால், அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு 2018இல் நடந்ததைப் பாருங்கள். கல்லூரி ஆட்டத்தின் மிக உயர்ந்த விருதான ஹைஸ்மனை வென்றிருந்த லமார் ஜாக்சன் ரிசீவராக மாறுவதே நல்லது என்று அனுபவமிக்க அணி நிர்வாகிகளில் சிலரே வெளிப்படையாகப் பேசினார்கள். முதல் சுற்றின் கடைசி இடமான 32ஆவது தேர்வாகத்தான் பால்ட்டிமோர் அவரை எடுத்தது. 2019இல் அவர் 36 டச் டவுன்கள் எறிந்து, 1,206 யார்டுகள் ஓடி, ஒரு வாக்குகூடப் பிரியாமல் பருவத்தின் சிறந்த வீரரானார்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒரு குவார்ட்டர்பேக்கிடம் ‘ஏதோ ஒன்று’ இருக்கிறது அல்லது இல்லை என்று யாராவது சொன்னால், அந்த ஒன்று எந்த நகர்வில், எந்த டவுனில் (பத்து யார்டு முன்னேற அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), எந்த முடிவில் தெரிந்தது என்று கேளுங்கள். நான்காம் டவுன் ரெட்மண்டுக்குப் போன மூன்று எறிதல்களைச் சுட்டிக்காட்டியது போலச் சுட்டிக்காட்ட முடிந்தால் அது மதிப்பீடு. முடியாவிட்டால் அது பெரும்பாலும் முகத்தோற்றத்தையும் பேச்சுத்தோரணையையும் பார்த்து வந்த விருப்பு வெறுப்பு.

எண்களைப் பற்றியும் ஒரு சொல். பழைய ரேட்டிங்கின் குறைகளைக் காட்டி எல்லா எண்களையும் தள்ளிவிடக் கூடாது. இன்று வீரர்களின் தோள்காப்பில் பொருத்திய சில்லுகளின் மூலம் ரிசீவருக்கும் தடுப்பாளருக்கும் இடையிலிருந்த தூரம், எறியும்போது இருந்த நெருக்கடி ஆகியவை பதிவாகின்றன. அவற்றை வைத்து, அந்த எறிதலைச் சராசரிக் குவார்ட்டர்பேக் ஒருவர் எத்தனை விழுக்காடு முடித்திருப்பார் என்று கணிக்கிறார்கள். ஒவ்வொரு நகர்வும் அணி எதிர்பார்க்கக்கூடிய புள்ளிகளை எவ்வளவு கூட்டியது அல்லது குறைத்தது என்ற கணக்கும் இருக்கிறது. அதன்படி மூன்றாம் டவுனில் 9 யார்டு தேவைப்படும்போது எடுத்த 8 யார்டுக்கும், 2 யார்டு தேவைப்படும்போது எடுத்த 8 யார்டுக்கும் ஒரே மதிப்பு இல்லை. நேற்று கண்ணுக்கு மட்டுமே தெரிந்த பலவும் இன்று அளக்கப்படுகின்றன. பார்வையாளரின் மனச்சாய்வுக்கு அது ஒரு கடிவாளம் என்பதால் நான் அதை வரவேற்கிறேன்.


மறுமொழி: இரண்டாம் பாதி

மேலே இருவரும் மனிதரைப் பற்றிப் பேசினார்கள். இடத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் குவார்ட்டர்பேக்கின் எண்கள் அவருக்கு மட்டும் சொந்தமானவை அல்ல; அவரது பயிற்சியாளர், தடுப்போர், ரிசீவர்கள் எல்லோரும் சேர்ந்து உண்டாக்குபவை.

எனக்குத் தெரிந்ததில் இதற்கு மிகத் தெளிவான சான்று ஸ்டீவ் யங். 1985, 1986 ஆகிய இரு பருவங்களில் தாம்பா பே அணிக்காக அவர் தொடங்கிய 19 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே அணி வென்றது. அவர் எறிந்தவை 11 டச் டவுன்கள், 21 இன்டர்செப்ஷன்கள். அந்த எண்களை மட்டும் பார்த்தால் அவரது வாழ்க்கை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பயிற்சியாளர் பில் வால்ஷ் அவரது கால்களையும் கண்களையும் பார்த்து, 1987இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வாங்கினார். அங்கே முதன்மைக் குவார்ட்டர்பேக்காக இருந்த ஜோ மொன்டானாவுக்குப் பின்னால் பொறுமையாகக் காத்திருந்த யங், 1992இலும் 1994இலும் பருவத்தின் சிறந்த வீரரானார்; 29ஆவது சூப்பர் பவுலில் ஆறு டச் டவுன்கள் எறிந்தார்; 96.8 என்ற வாழ்நாள் ரேட்டிங்கோடு, அதுவரை யாரும் எட்டாத உயரத்தில், ஓய்வு பெற்றார். மண் மாறியதும் தழைத்த பயிர் அது. தாம்பாவில் அவருக்கு இல்லாத திறமை சான் பிரான்சிஸ்கோவில் திடீரென்று முளைத்துவிடவில்லை. வால்ஷின் வேலை, எண்கள் மறைத்திருந்ததைக் கண்டுபிடித்தது.

ஒருவரின் மதிப்பை அவர் இல்லாதபோது அளக்கலாம் என்பது பலரும் சொல்லும் வழி. அது பயனுள்ளது, ஆனால் எச்சரிக்கையோடு கையாள வேண்டியது. 2010இல் 10-6 (வெற்றி-தோல்வி) என்று முடித்த இண்டியானாபொலிஸ், கழுத்து அறுவைச் சிகிச்சையால் மானிங் ஓர் ஆட்டம்கூட ஆடாத 2011இல் 2-14 என்று வீழ்ந்தது. இதைப் பார்த்தால் எட்டு வெற்றிகளும் அவர் ஒருவருடையவை என்று தோன்றும். ஆனால் 2008இல் முதல் ஆட்டத்திலேயே பிரேடியின் முழங்கால் சிதைந்தபோது, அவருக்குப் பதில் ஆடிய மேட் காசெலோடு நியூ இங்கிலாந்து 11-5 என்று முடித்தது. அதனால் பிரேடியைவிட மானிங் பெரியவர் என்று ஆகுமா? ஆகாது. முந்தைய பருவத்தில் அந்த அணி 16-0 என்று இருந்தது. எனவே வீழ்ச்சி அங்கும் உண்டு. அந்த வீழ்ச்சியைத் தாங்கும் அளவுக்கு அணியின் மற்றப் பகுதிகள் வலுவாக இருந்தன என்பதே வேறுபாடு. இண்டியானாபொலிஸோ மானிங்கைச் சுற்றியே தன்னை அமைத்துக்கொண்டிருந்தது. தூண் அகன்றதும் கூரையும் சரிந்தது.

இதைவிடத் தெளிவான சோதனை ஒன்று 2020இல் தானாகவே நடந்தது. 2019இல் தாம்பா பேயின் குவார்ட்டர்பேக்காக இருந்த ஜேமிஸ் வின்ஸ்டன் 5,109 யார்டுகள் எறிந்து அந்த ஆண்டின் பட்டியலில் முதலிடம் பிடித்தார், 33 டச் டவுன்கள், கூடவே 30 இன்டர்செப்ஷன்கள், அணி 7-9. அடுத்த ஆண்டு, 43 வயதில், பிரேடி அங்கே வந்தார். அவர் எறிந்தது 4,633 யார்டுகள், அதாவது வின்ஸ்டனைவிட ஏறத்தாழ 500 யார்டு குறைவு. ஆனால் இன்டர்செப்ஷன்கள் 12ஆகக் குறைந்தன. அணி 11-5 என்று முடித்து சூப்பர் பவுலையும் வென்றது. அவர் விட்டுச்சென்ற நியூ இங்கிலாந்து 12-4இலிருந்து 7-9க்கு இறங்கியது. தாம்பா அந்த ஆண்டு கிரான்கௌஸ்கி போன்றவர்களையும் சேர்த்தது, தடுப்பு அணியும் முதிர்ந்தது என்பதையெல்லாம் கழித்துக்கொண்ட பிறகும், ‘எத்தனை யார்டு எறிந்தார்’ என்ற கேள்வி எவ்வளவு சிறியது என்பது இந்த இரண்டு பருவங்களை அருகருகே வைத்தால் தெரிகிறது. இன்டர்செப்ஷன் ஒவ்வொன்றும் தன் தடுப்பு அணியைக் களைத்த கால்களோடு, பெரும்பாலும் மோசமான இடத்தில், மீண்டும் களத்துக்கு அனுப்புகிறது; தடுப்பு அணி விட்டுக்கொடுத்த புள்ளிகளிலும் குவார்ட்டர்பேக்குக்குப் பங்கு உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தலைமைப் பண்பைப் பற்றி வடதிசை எச்சரித்தது மிகச் சரி. இருந்தாலும் அந்தச் சொல்லை முழுவதுமாகக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. 23ஆவது சூப்பர் பவுலில், தன் பக்கத்து 8ஆவது யார்டிலிருந்து, மூன்று நிமிடத்துக்குச் சற்றே மேல் மீதமிருக்க, மூன்று புள்ளிகள் பின்தங்கிய நிலையில், மொன்டானா கூட்டத்திலிருந்த நடிகர் ஜான் கேண்டியைத் தன் அணியினருக்குச் சுட்டிக்காட்டினார் என்பது அவரோடு களத்தில் நின்றவர்கள் சொல்லி வரும் செய்தி. பிறகு 92 யார்டு நகர்ந்து, 34 வினாடி மீதமிருக்க ஜான் டெய்லருக்கு எறிந்து 20-16 என்று வென்றார்கள். அந்தப் பத்துப் பேரின் இறுக்கத்தைத் தளர்த்தியது எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆனால் அதைச் சொல்பவர்கள் அதை அருகிலிருந்து உணர்ந்த ஆட்டக்காரர்கள். தொலைக்காட்சியில் முகத்தைப் பார்த்து நாம் ஊகிப்பதற்கும் அதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. உடன் ஆடியவர்களின் சாட்சியத்துக்கு நான் எடை கொடுக்கிறேன்.


பார்வையாளன்

மூவருக்கும் நன்றி. செயலைச் சுட்டிக்காட்ட முடிகிறதா என்ற வடதிசையின் அளவுகோலை இனி நானும் கைக்கொள்வேன். இரண்டு செய்திகள் மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. மானிங்கின் 2015ஐ இந்த வழியில் எப்படி எடைபோடுவீர்கள்? இன்னொன்று, தொலைக்காட்சியில் படக்கருவி பந்தைப் பின்தொடர்வதால் ரிசீவர்கள் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே ஓடுகிறார்கள். அப்படியிருக்க, வீட்டிலிருந்து பார்ப்பவர் எதைக் கவனிக்க முடியும்?


மறுமொழி: நான்காம் டவுன்

மானிங்கைப் பொறுத்தவரை, 2013இன் மானிங்தான் பெரிய குவார்ட்டர்பேக் என்று எனக்குத் தயக்கமின்றிச் சொல்லத் தோன்றுகிறது. 50ஆவது சூப்பர் பவுலை வென்றது டென்வரின் தடுப்பு அணி. அதன் வான் மில்லர் இரண்டு முறை எதிரணிக் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டனின் கையிலிருந்து பந்தைப் பறித்துத் தள்ளினார். இரண்டுமே டென்வரின் டச் டவுன்களுக்கு வழி செய்தன. சிறந்த வீரர் விருதும் மில்லருக்கே போனது. மானிங் எறிந்தது 141 யார்டுகள்.

ஆனாலும் 2015இன் மானிங்கை வெறும் பயணி என்று ஒதுக்க மாட்டேன். பருவத்தில் பத்து ஆட்டங்களில் 17 இன்டர்செப்ஷன்கள் எறிந்தவர், பருவத்துக்குப் பிந்தைய வெளியேற்றச் சுற்றான பிளே-ஆஃபில் மூன்று ஆட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் எறிந்தார். தோளிலும் காலிலும் வலு குறைந்துவிட்ட நிலையில், தன்னால் இனி எந்த எறிதல் முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, தடுப்பு அணி வெல்லக்கூடிய ஆட்டத்தைக் கெடுக்காமல், ஓட்டத்துக்கு ஏற்ற அமைப்பைக் கோட்டில் நின்று தேர்ந்தெடுத்து ஆடினார். வாழ்நாள் முழுவதும் எறிந்தே வென்ற ஒருவருக்கு அது எளிய மாற்றம் அல்ல. அதை மதிக்க வேண்டும். அதற்காக அதை 55 டச் டவுன்களுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டியதில்லை.

அடுத்த கேள்விக்கு வருகிறேன். ரிசீவர்கள் தெரியாவிட்டாலும் குவார்ட்டர்பேக் எப்போதும் சட்டகத்தில் இருப்பார். பந்தைப் பின்னால் கொடுத்து நகர்வைத் தொடங்கும் ஸ்னாப்புக்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்: நிதானமாக அமைப்பை மாற்றிவிட்டு எடுக்கிறாரா, கடைசி வினாடியில் பதறி எடுக்கிறாரா? ஸ்னாப்புக்குப் பிறகு பந்தைப் பின்தொடராமல் அவரது கால்களையும் தலைக்கவசத்தின் திசையையும் பின்தொடருங்கள். முதலில் பார்த்த பக்கமே கடைசி வரை பார்த்து எறிபவரைப் பின்களத் தடுப்பாளர்கள் எளிதில் படித்துவிடுவார்கள். இடப்பக்கம் பார்த்து சேஃப்டியை அங்கே இழுத்துவிட்டு நடுவில் எறிபவர், ரிசீவருக்கு இடைவெளியைத் தானே உண்டாக்கிக் கொடுக்கிறார். நெருக்கடி வரும்போது பின்னால் ஓடி 12 யார்டு இழக்கிறாரா, அல்லது ஓரடி முன்னால் ஏறி, அடி விழும் என்று தெரிந்தும் எறிந்து முடிக்கிறாரா என்பதும் தெளிவாகத் தெரியும். முதல் டவுன்களை விட்டுவிட்டு, மூன்றாம் டவுனில் 7 யார்டுக்கு மேல் தேவைப்படும் நகர்வுகளை மட்டும் ஓர் ஆட்டம் முழுவதும் கவனித்துப் பாருங்கள். அங்கே அவர் எறியப்போகிறார் என்பது எதிரணிக்கும் தெரியும். அதனால் மறைந்துகொள்ள இடம் இருக்காது. மீள்காட்சி வரும்போது, பந்து அவர் கையை விட்டு நீங்கிய கணத்தில் ரிசீவர் திரும்பியிருந்தாரா இல்லையா என்று பாருங்கள். திரும்புவதற்கு முன்பே பந்து புறப்பட்டிருந்தால், அவர் ஆளைப் பார்த்து எறியவில்லை, வரப்போகும் இடைவெளியை அறிந்து எறிந்திருக்கிறார்.

முழுக் களமும் தெரியும் ‘ஆல்-22’ காட்சிப்பதிவைப் பணம் கட்டிப் பார்க்கும் வசதி இருந்தால் பாருங்கள். ஆனால் அதிலும் ஓர் எல்லை உண்டு: எந்த ரிசீவர் எந்தத் தடத்தில் ஓட வேண்டும் என்று அந்த அணிக்குள் பேசிக்கொண்டது நமக்குத் தெரியாது. ஓர் இன்டர்செப்ஷனில் எறிந்தவர் பிழைத்தாரா, ரிசீவர் தடம் மாறி ஓடினாரா என்பதை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாத நேரங்கள் பல. அப்போது தீர்ப்பைத் தள்ளிப்போடுவதே நியாயம்.

மரினோவைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததால் இதையும் சேர்க்கிறேன். 1988இல் அவர் 606 முறை எறிந்தார். அந்தப் பருவம் முழுவதிலும் அவர் சாக் செய்யப்பட்டது 6 முறை மட்டுமே. அவர் வேகமாக ஓடக்கூடியவர் அல்லர். எதிரே நிற்பவர்களை ஸ்னாப்புக்கு முன்பே படித்து, யாரும் நெருங்குவதற்குள் பந்தை விடுவித்ததால் வந்தது அது. அந்த 6 என்ற எண் அவரது பாஸர் ரேட்டிங்கில் இல்லை. அந்த ஆண்டு மயாமி 6-10 என்று முடித்ததால் வெற்றிக் கணக்கிலும் அது தெரியாது. அந்தப் பருவத்தின் ஆட்டப்பதிவு எதுவாவது கிடைத்தால், அவரது வலக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு கால்பகுதியை முழுவதுமாகப் பாருங்கள்.